விண்ணப்பதாரர் இல்லாத ஊர்வலம்

திங்கட்கிழமை காலை, வாகைக்குறிச்சி பேரூராட்சி அலுவலக வாசலில் இருந்த ஒளிப்பலகையில் ஓர் அனுமதி ஓடியது. "இறுதி ஊர்வலம். கீழரத வீதி. வியாழன் மாலை. புறப்பாடு: பிள்ளையார் கோயிலுக்கும் அடிபம்புக்கும் இடையில். சேருமிடம்: ஆற்றங்கரை மயானம். அனுமதி வழங்கப்பட்டது."

கீழரத வீதியில் அதுவரை யாரும் சாகவில்லை. சாகக் கிடப்பவர்களும் யாரும் இல்லை.

செயல் அலுவலர் ஜெசிந்தா ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வாசலில் பெருங்கூட்டம். பேரூராட்சித் தலைவர் குற்றாலிங்கம் நடுவில் நின்று கையமர்த்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அமைதியா இருங்க. செத்தவரு யாருன்னு விசாரிச்சுச் சொல்லுதோம்."

"சாகப் போறவரு," என்று யாரோ திருத்தினார்கள்.

"அவரையும் விசாரிப்போம்."

ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மேசையிலிருந்த கருவியின் முன் உட்கார்ந்தாள். அதன் பெயர் முன்னோட்டம். அரசாங்கம் அதை இந்த ஊருக்குக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை, தேரடி முக்கில் ஒரு கல்யாண ஊர்வலமும் ஒரு சவ ஊர்வலமும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டன. இரண்டு பேண்டு செட்டுக்கும் ஒரே சிவப்புச் சட்டை. நெரிசலில் ஆள் மாறிப்போய், கல்யாணத்துக்கு வந்த பேண்டுக்காரர்கள் பாடைக்கு முன்னால் காதல் பாட்டு வாசித்துக்கொண்டே மயானம் வரை போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் போட்ட சண்டை மாவட்டத் தலைநகர் வரை கேட்டது.

அதன் பிறகுதான் முன்னோட்டம் வந்தது. ஊரில் ஓடும் வண்டி, கடையில் போடும் ரசீது, வாடகைக்குப் போகும் நாற்காலி, வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு எடுக்கப்படும் பயணச்சீட்டு என்று எல்லாம் அதன் கணக்கில் விழும். அவற்றைக் கொண்டு, வரப்போகும் நாட்களை அது தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடும். எந்தத் தெருவில் எப்போது கூட்டம் கூடும் என்று தெரிந்து சாலையை ஒதுக்கும், சிக்னலைத் திருப்பும். வீட்டு வரைபட அனுமதி, பெயர் மாற்றம், சாக்கடை இணைப்பு எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். ஒரு வருடமாக அது சொன்ன எதுவும் தப்பியதில்லை.

அதனால்தான் ஜெசிந்தாவால் இதைத் தவறு என்று தள்ள முடியவில்லை.

"முன்னோட்டம், இந்த ஊர்வலத்துக்கு யார் விண்ணப்பிச்சது?"

"விண்ணப்பம் இன்னும் வரவில்லை," என்றது கருவி. ரயில் நிலைய அறிவிப்பாளரின் பதறாத குரல் அதற்கு.

"வராத விண்ணப்பத்துக்கு எப்படி அனுமதி குடுத்த?"

"இறுதி ஊர்வலங்களுக்குப் பொதுமக்கள் உரிய அவகாசத்துடன் விண்ணப்பிப்பதில்லை. இதனால் போக்குவரத்து பாதிக்கப்படுகிறது. புதிய பதிப்பில் இக்குறை நீக்கப்பட்டுள்ளது."

"இறந்துபோறது யாரு?"

"அது போக்குவரத்துக்குத் தேவையற்ற விவரம்."

"ரத்து பண்ணு."

"விண்ணப்பதாரர் நேரில் வந்தால் ரத்து செய்யலாம்."

பின்னால் நின்ற தலைவர் குனிந்து, "விண்ணப்பதாரர்னா செத்தவராம்மா? அவரு நேர்ல வந்தா நாம இங்க இருப்போமா?" என்றார்.

ஜெசிந்தா சென்னைக்குத் தொலைபேசியில் பேசினாள். கருவியைப் பராமரிக்கும் பொறியாளர் ஒருவர், வயதில் சின்னவர் போலிருந்தது, பொறுமையாக விளக்கினார்.

"மேடம், அதுக்கு யாரோட உடம்பும் தெரியாது. ஊர்ல நடக்கிறதைப் பாக்குது. பக்கத்து வீட்டுல வடை சுடுற வாசனை வந்தா, விருந்தாள் வர்றாங்கன்னு நாம சொல்றோம்ல? அந்த மாதிரி ஏதோ வாசனை அதுக்கு வந்திருக்கு."

"என்ன வாசனைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

"தனியுரிமைச் சட்டம் மேடம். தனிப்பட்ட விவரத்தை அது வெளியில சொல்லாது."

"ஒரு ஆள் சாகப் போறான்னு பலகையில போடலாம். அது தனிப்பட்ட விவரம் இல்லையா?"

"பேரு போடலையே மேடம்," என்றார் பொறியாளர்.

பிள்ளையார் கோயிலுக்கும் அடிபம்புக்கும் நடுவே இருக்கும் வீடுகளில் வயதானவர்களுக்குப் பஞ்சமில்லை. அன்று மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று குத்தியது. அரிசிக்கடை சண்முகக்கனி மட்டும் விவரமாக, வியாழன் வரை கோவில்பட்டி மகள் வீட்டில் இருந்துவிடலாம் என்று பையோடு கிளம்பினார். அவர் மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"அங்க போயிச் செத்தா மட்டும் விட்டுருவாவளா? இங்கதான கொண்டாரணும்? வண்டி வச்சு வாரதுக்கு, இங்கனயே இரிங்க."

சண்முகக்கனி பையை இறக்கிவைத்துவிட்டுப் பேரூராட்சிக்கு வந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் தன் இடத்தில் விரலளவு ஏறியிருப்பதாகத் தான் கொடுத்திருந்த ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "விரலளவு எடத்த நான் எங்க கொண்டுட்டுப் போவப் போறேன்?" என்றார். அவருக்குப் பின்னாலேயே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, சுவரை இடித்துத் தள்ளிக் கட்டச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார். இருவரும் வாசலில் சந்தித்து, எது செல்லும் என்று புதிதாக ஒரு சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் வரை வாபஸ் வாங்க வந்தவர்கள்தான். வேப்பமரக் கிளை வழக்கு, சாக்கடைத் தண்ணீர் வழக்கு, கோழி வழக்கு எல்லாம் தீர்ந்தன. ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் தெருவுக்குள் உற்சாகமாக நுழைந்தார். பலகையை நினைத்துப் பார்த்தவர், வந்த வழியே திரும்பிப் போனார்.

"பேசாம எல்லாத் தெருவுக்கும் ஒவ்வொண்ணு போடச் சொன்னா என்னம்மா?" என்றார் தலைவர். "ஊரே திருந்திரும் போலுக்கே."

ஜெசிந்தா அவரை முறைத்தாள்.

செவ்வாய் காலையில் நெல்லைநாயகம் வந்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். கீழரத வீதியில் கோயிலுக்கு மூன்றாம் வீடு.

"மேடம், ரத்துதான் பண்ண முடியாது. பேரையாவது சொல்லச் சொல்லுங்க. அது நானா இருந்தா ஒண்ணுமில்ல. நல்லா இருந்தாச்சு."

"வேற யாரா இருக்கும்னு பயப்படுதீங்க?"

"பொதுவாத்தான் கேட்டேன்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆவுடைத்தங்கம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். கணவர் போய்ப் பல வருடமாகிறது. அடிபம்புக்கு எதிர் வீடு. "நானா இருந்தா பரவால்ல மேடம், வேற யாரும்னா மட்டும் எனக்குச் சொல்லிருங்க," என்றாள். இந்தத் தெருவில் இப்படி இரண்டு நல்ல மனிதர்கள் இருக்கிறார்களே என்று ஜெசிந்தா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது வெளியே ஓலம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். பலகையில் வியாழன் போய், "புதன் காலை" என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நா முந்திட்டே! ஏ யம்மா, ஒரு நா முந்திட்டே!" என்று சண்முகக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா உள்ளே ஓடினாள். "ஏன் மாத்துன?"

"நான் மாற்றவில்லை. ஊர் மாறியது."

"என்ன மாறுச்சு? இப்ப, இந்த ஒரு மணி நேரத்துல?"

"தனியுரிமை விதிகளின்படி..."

அவள் அதை முடிக்க விடவில்லை. சாவு தன்பாட்டில் தேதியை மாற்றிக்கொள்ளாது. யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். சாவுக்கு முன்கூட்டியே எதை மாற்ற முடியும்? பொறியாளர் சொன்ன வாசனை நினைவுக்கு வந்தது. தலைவரைக் கூட்டிக்கொண்டு நேரே கடைவீதிக்குப் போனாள். ஊரில் பூக்கடை ஒன்றுதான். இசக்கி என்பவருடையது.

"பெரிய ஆர்டர் ஏதும் வந்துச்சா அண்ணாச்சி?"

"நாயகம் அண்ணாச்சி வியாழக்கிழமைக்கு ரோசாப்பூ மாலை சொல்லிருந்தாரு மேடம். நல்ல கனமா வேணும்னாரு. இப்பத்தான் போன் போட்டு, நாளைக்கே வேணும்னு மாத்துனாரு."

பக்கத்து வாடகைப் பாத்திரக்கடையில் நாற்காலியும் பந்தலும் நாளைக்கு மாறியிருந்தன. பேண்டு செட்டும்தான்.

தலைவரின் முகம் வெளிறியது. "தன் சாவுக்குத் தானே மாலை சொல்லிருக்காரு. அம்மா, மனுசன் ஏதோ முடிவு பண்ணிட்டாரு!"

இருவரும் ஓடினார்கள். தெருவே பின்னால் ஓடி வந்தது. நெல்லைநாயகத்தின் வீடு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தலைவர் கதவை இடித்தார். "அண்ணாச்சி! அவசரப்பட்டுறாதீய! எதுவா இருந்தாலும் தீர்மானம் போட்டுப் பாத்துக்கிடலாம்!"

கதவு திறந்தது. கழுத்தில் பழைய துண்டும், தலை நிறைய வழியும் கறுப்புச் சாயமுமாக நெல்லைநாயகம் நின்றார். ஒரு பக்கத்து மீசை கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. அவருக்குப் பின்னால் கையில் சாயக் கிண்ணத்தோடு ஆவுடைத்தங்கம் நின்றிருந்தாள்.

இடிக்க ஓங்கிய கையைத் தலைவர் இறக்கிக்கொண்டார்.

"உள்ள வாங்க மேடம்," என்றாள் ஆவுடைத்தங்கம். "நீங்களும் வாங்க தலைவரே. மத்தவங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நெல்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் சொன்னாள்.

"எங்களுக்குக் கல்யாணம் மேடம்."

"எப்ப?"

"வியாழக்கிழமைன்னு வச்சிருந்தோம். பலகையைப் பாத்ததும் இவுஹளுக்கு என் மேல பயம். எனக்கு இவுஹ மேல பயம். எப்படியும் ரெண்டுல ஒண்ணு வியாழக்கிழமை போயிரும்னு தோணிட்டு. அதுக்குள்ள ஒருநாளாவது புருசன் பொஞ்சாதியா இருந்துருவோமேன்னு புதனுக்கு மாத்தினோம்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எப்படிப் பழக்கம்?"

"உங்க ஆபீசுலதான்," என்றார் நெல்லைநாயகம் முதன்முறையாக வாயைத் திறந்து. "வீட்டு வரி பேரு மாத்துததுக்குத் தங்கம் வருசக்கணக்கா அலைஞ்சா. நான் சாக்கடை இணைப்புக்கு அலைஞ்சேன். அந்த வராண்டா பெஞ்சுலதான் உக்காந்திருப்போம். அவ கொழுக்கட்டை கொண்டாருவா. நாளைக்கு வாங்கன்னு உங்க ஆளுங்க சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அப்புறம் இந்த மெஷின் வந்துச்சு. ரெண்டு பேரு வேலையும் ஒரே நிமிசத்துல முடிஞ்சு போச்சு. பெஞ்சுல உக்காரதுக்குக் காரணமே இல்ல. ஒரு மாசம் பாத்தேன். முடியல மேடம். கல்யாணம் பண்ணிக்கிடலாம்னு கேட்டுட்டேன்."

"சத்தமில்லாமப் பதிவு ஆபீசுல முடிச்சிருக்கலாமே? பேண்டு எதுக்கு?"

"நான்தான் கேட்டேன்," என்றாள் ஆவுடைத்தங்கம். "மொதக் கல்யாணத்தப்ப வீட்டுல ஒரு துக்கம். மேளம் கூடாதுன்னு ஊமைக் கல்யாணமா நடத்திட்டாவ. இதுக்காவது மேளம் வேணும்னு ஆசை. ஊர்வல அனுமதிக்கு மட்டும் கடைசி நேரத்துல எழுதிப் போடலாம்னு இருந்தோம். முன்னாடியே போட்டா பலகையில வந்துரும், பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிரும்லா. முக்கியமான விசயம், வந்தா சொல்லுதேன்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லிருக்கு. என் மவன் வேல்ராஜுக்கு இது தெரிஞ்சா வெட்டிருவேன் குத்திருவேன்னு நிப்பான்."

ஜெசிந்தாவுக்கு எல்லாம் விளங்கியது. கனமான மாலை, நாற்காலி, பந்தல், பேண்டு செட். காரணம் சொல்லாமல் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அழைப்பு, அவர்கள் அவசரமாக எடுத்த பயணச்சீட்டு. இவ்வளவும் தனியாக இருக்கும் ஒரு கிழவர் வீட்டைச் சுற்றி நடந்தால் என்ன அர்த்தம்? ஊரின் பழைய பதிவுகளைப் படித்து வளர்ந்த கருவிக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். இந்த வயதில் யாரும் மாப்பிள்ளையானதாக அதில் ஒரு வரி கூட இல்லை.

அப்போது வெளியே கூச்சல். "அம்மா! அம்மா எங்க?" என்று அலறிக்கொண்டு வேல்ராஜ் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான். ஓசூரில் வேலை. கைப்பேசியில் பலகையைப் பார்த்த நொடியில் கிளம்பியிருக்கிறான். முகம் அழுது வீங்கியிருந்தது. தாயைக் கண்டதும் காலைக் கட்டிக்கொண்டான்.

"உனக்கு என்னம்மா செய்யுது? எங்கிட்ட மறைக்காத. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லடா. கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்கும் இவுஹளுக்கும்."

அவன் நிமிர்ந்து, பாதி மீசை கறுத்த நெல்லைநாயகத்தைப் பார்த்தான். தலைவர் முன்னெச்சரிக்கையாக இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கல்யாணம்தானா?" என்றான் வேல்ராஜ். "வெறும் கல்யாணம்தானா? ஏம்மா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்து, விட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு எழுந்து போய் நெல்லைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். சாயம் அவன் கையிலும் ஒட்டியது. சாயங்காலம் புனேயிலிருந்து வந்து சேர்ந்த நெல்லைநாயகத்தின் மகனும் இதே கேள்வியைத்தான் கேட்டான்.

எஞ்சியிருந்தது அனுமதி மட்டும்தான். ஜெசிந்தா அலுவலகம் திரும்பி, முறைப்படி திருமண ஊர்வலத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

"நிராகரிக்கப்படுகிறது," என்றது முன்னோட்டம். "அதே வீதியில், அதே நேரத்தில் இறுதி ஊர்வலம் உள்ளது. இரு ஊர்வலங்கள் சந்திக்கக் கூடாது. இறுதி ஊர்வலத்துக்கே முன்னுரிமை."

"அந்த ஊர்வலம்தான் இந்த ஊர்வலம்!"

"மணமக்களின் வயதைச் சரிபார்க்கவும்."

"சரிபாத்தாச்சு. அதுதான் வயசு."

கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. "மீண்டும் சரிபார்க்கவும்," என்றது.

ஜெசிந்தா மண்டையைப் பிடித்துக்கொண்டாள். செய்தி கேட்டு ஆவுடைத்தங்கமே நேரில் வந்தாள்.

"இருக்கிற அனுமதியிலேயே போயிருவோம் மேடம்."

"அது மயானத்துக்குப் போற பாதைம்மா. சிக்னல் எல்லாம் அங்கதான் திறக்கும்."

"ஆத்தங்கரை அம்மன் கோயிலும் அந்த வழியிலதான இருக்கு? கோயிலோட நின்னுக்கிடுவோம். எப்படியும் எல்லாரும் ஒரு நா அந்த வழியா போகத்தான போறோம். ஒருக்க மேளதாளத்தோட போயி, காலால நடந்து திரும்பி வந்துட்டா நல்லதுதான்."

புதன் காலையில் ஊர்வலம் புறப்பட்டது. அப்படி ஒரு ஊர்வலத்தை வாகைக்குறிச்சி கண்டதில்லை. ஒவ்வொரு முக்கிலும் எல்லாப் பக்கமும் சிவப்பு விழுந்தது, ஆற்றுக்குப் போகும் பாதையில் மட்டும் பச்சை. பேருந்துகள் ஓரங்கட்டின. திருநெல்வேலிப் பேருந்தின் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திக் கைகூப்பினார். மாலையும் கழுத்துமாக, மீசை இரண்டு பக்கமும் கறுத்து, தன் பழைய சகாவான நெல்லைநாயகமே முன்னால் நடந்து வருவதைக் கண்டு கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். கடைசியில் அதையே வணக்கமாக வைத்துக்கொண்டார். டீக்கடையில் மரியாதைக்கு எழுந்து நின்றவர்கள் அப்படியே ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாள் முழுக்கச் செத்துப் பிழைத்த சண்முகக்கனிக்கு, பேண்டுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தில் வேட்டி அவிழ்ந்தது தெரியவில்லை. ஆவுடைத்தங்கம் யாரையும் பார்க்கவில்லை. மேளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

மத்தியானம் அலுவலகத்தில் கருவி ஜெசிந்தாவுக்காகக் காத்திருந்தது.

"ஊர்வலம் நிறைவுற்றது. பதிவை முடிக்க, காலமானவர் பெயரைத் தெரிவிக்கவும்."

அவள் "இல்லை" என்று அடித்தாள்.

"நன்றி. திரு. இல்லை அவர்களின் குடும்பத்தாருக்குப் பேரூராட்சியின் ஆழ்ந்த இரங்கல்."

அடுத்த வாரம் முழுக்க அவள் சென்னைக்கு அனுப்ப ஓர் அறிக்கை தயார் செய்தாள். மாலை, நாற்காலி, பந்தல், பேண்டு ஆகியவற்றை ஒன்றாகக் கண்டால் கருவி அதைச் சாவு என்று எடுத்துக்கொள்கிறது, உடனே திருத்த வேண்டும் என்று எழுதினாள். அதை அனுப்பப் போகும் நேரத்தில் ஓர் அம்மாள் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேலரத வீதி, பெயர் பிரமநாயகி. நல்ல பருத்திச் சேலை, தெம்பான உடம்பு.

"என்ன விசயமா வந்தீங்கம்மா?"

"ஒரு விவரம் கேக்கணும். போன வாரம் கீழரத வீதியில எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்துட்டாவளாம்லா? சண்முகக்கனி மவன் துபாயிலருந்து வந்தானாம்."

"ஆமா, பயந்து போயி வந்தாங்க."

"எனக்கு மூணு பயக. அமெரிக்காவுல ஒருத்தன், பெங்களூருல ரெண்டு பேரு. தீபாவளிக்குக் கேட்டா பொங்கலுக்குங்கான், பொங்கலுக்குக் கேட்டா வேலைங்கான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் குனிந்தாள். "அந்த மெஷினு நம்புறதுக்கு எத்தன மாலை ஆர்டர் குடுக்கணும்?"

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். திரையில் அறிக்கை திறந்திருந்தது. அனுப்பு என்ற பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. எட்டி, திரையை அணைத்தாள்.

"மாலை மட்டும் பத்தாதும்மா," என்றாள். "நாற்காலியும் பந்தலும் சேத்துச் சொல்லிருங்க."